ஆபிரகாம் என்னும் பெயரும் தஞ்சைப் பண்டிதரும்

இசைத்தமிழ் வரலாற்றைப் பயில்வோர் எவரும் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் பெயரை அறியாமல் மேலே செல்லுதல் இயலாது. அப்பெயரில் உள்ள சொற்கள் இரண்டு. ஒன்று எபிரேயம், மற்றொன்று வடமொழி. இரண்டும் தமிழல்ல. ஆயினும் அவ்விரண்டையும் தாங்கி வாழ்ந்த பெருமகனார், தமிழர்க்கெனத் தனியே ஓர் இசைமுறை தொன்றுதொட்டு இருந்தது என்று நிறுவுதற்காகவே தம் வாழ்நாளிற் பாதியையும் ஈட்டிய பொருளிற் பெரும்பகுதியையும் செலவிட்டார். வேற்றுமொழிப் பெயர் பூண்டவருக்குத் தமிழின் மூலத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்போர் அன்றும் இருந்திருக்கலாம். இன்றும் இல்லாமற் போகவில்லை. ஆதலின் அவர் வரலாற்றைச் சொல்லப் புகுமுன் அப்பெயரின் வரலாற்றையும் சிறிது ஆராய்தல் பொருந்தும்.

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 2ஆம் நாள் சாம்பவர் வடகரை என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் அக்காலத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டு தென்காசி தனி மாவட்டமானபின் அதனுள் அடங்கியது. தந்தையார் முத்துசாமி நாடார். தாயார் அன்னம்மாள். தந்தையின் பெயர் நம் காதுக்குப் பழகிய முருகன் பெயர். தாயின் பெயரோ தமிழ்ச் செவிக்கு அன்னப் பறவையை நினைவூட்டும். கிறித்தவ இல்லங்களில் அது அன்னாள் என்னும் எபிரேயப் பெயரின் வழியாக வந்து வழங்குவது. அதற்கு அருள் என்பது பொருள். ஒரே சொல் இரண்டு மொழிகளிலும் இரண்டு பொருள் தந்து, கேட்பார் எவரையும் உறுத்தாமல் ஊரிற் கலந்துவிடுகிறது. அவ்வாறு கலந்துவிடாத பெயர் மகனுக்கு வாய்த்தது.

ஆபிரகாம் என்பது யூதர், கிறித்தவர், முசுலிம்கள் ஆகிய மூவகைச் சமயத்தாரும் தம் முன்னோராகப் போற்றும் ஒருவரின் பெயர். விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமம் கூறும் கதையின்படி அவர்க்கு முதலில் இடப்பட்ட பெயர் ஆபிராம். ஊர் என்னும் பெயருடைய பழம்பதியிலிருந்து தந்தையுடன் புறப்பட்டு, ஆரான் என்னும் இடத்திற் சிலகாலம் தங்கி, எழுபத்தைந்தாம் வயதில் அதனையும் விட்டுக் கானான் நாடு நோக்கிச் சென்றவர். தொண்ணூற்றொன்பதாம் வயதிலே இறைவன் அவர்தம் பெயரை ஆபிரகாம் என மாற்றினான் என்பது கதை. ஊர் என்ற பெயரைக் கண்டவுடன் அது தமிழ்ச் சொல்லே என்று மகிழ்ந்து கட்டுரை எழுதும் அன்பர் சிலர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு விடை பின்னே வரும்.

ஆபிராம் என்னும் பெயரிற் சிக்கல் இல்லை. எபிரேய மொழியில் அப் என்றால் தந்தை. ராம் என்றால் உயர்ந்த. உயர்ந்த தந்தை என்றோ, தந்தை உயர்ந்தவர் என்றோ கொள்ளலாம். அத்தந்தை இறைவனையும் குறிக்கலாம்; குலமுதல்வனையும் குறிக்கலாம். இவ்வாறு தந்தை என்னும் சொல்லை முன்வைத்துப் பெயரிடும் வழக்கம் அப்பகுதி மக்கள் பலரிடமும் இருந்தது. விவிலியத்திலேயே அபிராம் என்று வேறொருவர் வருகிறார். அதுவும் இப்பெயரின் மற்றொரு வடிவமே.

ஆபிரகாம் என்பதிலேதான் வழக்கு எழுகிறது. திரளான மக்களுக்குத் தந்தை என்பது அதன் பொருளென்று ஆதியாகமமே விளக்குகிறது. திரள் என்பதற்குரிய எபிரேயச் சொல் ஆமோன். தந்தை என்பதனோடு ஆமோனைக் கூட்டினால் ஆபிரகாம் வாராது; இடையிலுள்ள ரகரத்துக்குக் காரணம் வேண்டும். ரகாம் என்று எபிரேயத்திலே ஒரு சொல் இல்லை. அரபு மொழியில் திரளைக் குறிக்கும் ஒரு சொல்லோடு இதனை இணைத்துப் பார்த்தவர்களும் உளர். மொழிநூலார் பலரும் கொள்ளும் முடிபு வேறு: ஆபிராம், ஆபிரகாம் என்பன இரண்டும் ஒரே பெயரின் இரு வட்டார வழக்குகள், இடையில் ஓர் உயிர்ப்பொலி நுழைந்து பெயர் நீண்டதேயன்றிப் பொருள் மாறவில்லை, திரளுக்குத் தந்தை என்பது ஒலியொப்புமை கண்டு கதைக்கேற்பச் சொல்லப்பட்ட விளக்கம். நம் தலபுராணங்கள் ஊர்ப்பெயர்களுக்குக் காரணம் கூறும் முறையை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

எபிரேயத்தில் ஆபிராம் நான்கு எழுத்து, ஆபிரகாம் ஐந்து. தமிழில் எழுதினாலும் அவ்வாறே நான்கு ஐந்தாகிறது. ஐந்தெழுத்தில் ஈடுபாடுடைய நம் சைவ அன்பர்கள் இதனைக் கேட்டால் முறுவலிப்பர். கூடிய எழுத்து ஓர் ஆகாரமேறிய உயிர்ப்பொலி. அவ்வொலி தமிழில் இல்லை. வேற்றுமொழிச் சொல் தமிழுக்குள் வரும்போது தன் எழுத்தைக் களைந்து தமிழெழுத்தை அணிந்துகொள்ள வேண்டும் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் நெறியாதலின், உயிர்ப்பொலி ககரமாயிற்று. அரபு வழியாக வந்த இப்றாகீம் என்னும் வடிவத்திலும் அதே ககரத்தைக் காண்க. எங்கள் களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே மருதமுனையிலும், வடக்கே காத்தான்குடியிலும் இப்றாலெவ்வை என்று பெயருடையோரைக் காணலாம். அதுவும் இப்பெயரே, நம் கீழ்க்கரை மண்ணிற் புரண்டு புரண்டு அந்தக் ககரமும் தேய்ந்து, ஈற்றிலே லெவ்வை என்னும் மரியாதைச் சொல்லும் ஒட்டிக்கொண்டது. இப்றாலெவ்வை என்பதை எவரும் அயற்பெயர் என்று கூறுவதில்லை. மட்டக்களப்பு வாவியின் மீனைப்போல அது இம்மண்ணுக்குரியதாகிவிட்டது.

இனி முன்சொன்ன அன்பர்களுக்கு. எபிரேய அப் என்பதும் தமிழ் அப்பன் என்பதும் ஒலியால் ஒத்திருப்பது உண்மை. அதுகொண்டு இரண்டும் ஒரு வேரினின்று தோன்றின என்றல் பொருந்தாது. குழந்தை முதன்முதல் எளிதில் உதடு பொருத்திக் கூறும் ஒலிகளே பல மொழிகளிலும் தாய்தந்தையரைக் குறிக்கும் சொற்களாயின. உறவில்லாத மொழிகளிலும் அவை ஒத்திருக்கும். ஊர் என்பதும் அத்தகையதே. அந்நகரின் பெயர் சுமேரியர் வழியாக வந்தது. ஒலியொப்புமை உறவைத் தேடத் தூண்டலாம்; உறவுக்குச் சான்றாகாது.

இதனைச் சற்று விரித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு பொருளின் தோற்றத்தைத் தேடிச் செல்வோர் எதிர்கொள்ளும் இடர்கள் யாவும் பண்டிதர் எதிர்கொண்டவையே.

இளமையில் அவர் திண்டுக்கல்லுக்குச் சென்று ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே ஆசிரியரானார். அவ்வூரில் சடையாண்டி பத்தர் என்பவரிடம் பிடில் கற்றார். சித்த மருத்துவத்திலும் வேட்கை மிகுந்தது. சுருளிமலையில் வாழ்ந்த கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு மருத்துவ முறைகளை அவரிடம் பெற்றார். கிறித்தவர் ஒருவர் மலைக்குகையிலிருந்த சித்தரைக் குருவாகக் கொண்டமை அக்காலத்திற் சிலருக்கு வியப்பையும் சிலருக்கு மனக்கசப்பையும் அளித்திருக்கக்கூடும். அவரோ அதனை மறைக்கவில்லை. பின்னாளில் தாம் செய்த மருந்துகளுக்குக் கருணானந்தர் சஞ்சீவி என்றும், நகர்ப்புறத்தில் அமைத்த தோட்டத்திற்குக் கருணானந்தபுரம் என்றும், எழுதிய பெருநூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்றும் குருவின் பெயரையே சூட்டினார். கருணையும் அருளே. தாயின் பெயரில் எபிரேயத்திலிருந்த பொருள், குருவின் பெயரில் வடமொழியிலிருந்து வந்து சேர்ந்தது. இது தற்செயலே, இருந்தும் சுட்டாமல் விட மனம் வரவில்லை.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அம்மையாரும் ஆசிரியர். அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சைக்குக் குடிபெயர்ந்து, நேப்பியர் சீமாட்டியின் பெயரால் அமைந்த பெண்கள் பள்ளியிற் பணியேற்றனர். சில ஆண்டுகளின்பின் பண்டிதர் ஆசிரியத் தொழிலை விட்டு மருத்துவத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். மருந்துகள் கடல் கடந்தும் விலைபோயின. செல்வம் பெருகியது. தோட்டத்தில் கரும்பு முதலியவற்றைப் புதுமுறையிற் பயிரிட்டார். ஆங்கில அரசு 1909இல் ராவ் சாகிப் பட்டம் வழங்கியது. இவற்றை விரைந்து சொல்லிக் கடந்துவிடுகிறேன். செல்வம் ஈட்டிய மருத்துவர் பலர் உளர்.

பண்டிதர் என்னும் பின்னொட்டைப்பற்றி மட்டும் ஒரு சொல். நம் நாட்டிற் பண்டிதர் என்றால் சங்கத் தேர்வில் தேறிப் பட்டம் பெற்றவர் என்றே கொள்வோம். தமிழகத்தில் அக்காலத்திற் பள்ளியில் தமிழ் கற்பிப்பவரும் பண்டிதர். மருந்து கொடுப்பவரும் பண்டிதர். இரு வகையாலும் அப்பெயர் அவருக்கு உரியதே. இசையறிவால் மட்டும் அன்று.

இசை ஆராய்ச்சிக்கு அவரைத் தூண்டியது ஓர் எண். சட்சம் முதல் மேல்சட்சம் வரையுள்ள ஒரு தாயியில் நுண்ணிய சுருதிகள் எத்தனை? இருபத்திரண்டு என்பது வடநூல் வழக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாரங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரமும் அதனையே கூறும். ஆனால் அந்த இருபத்திரண்டையும் எவ்வெவ் விடத்தில் வைப்பது என்பதில் அறிஞர் ஒருவரோடொருவர் ஒவ்வாது முரணினர். பண்டிதர் கணக்கிட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு வழக்கிலுள்ள இசைக்குப் பொருந்தவில்லை என்று கண்டார். பின்னர்ச் சிலப்பதிகாரத்தை நாடினார். உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு அந்நூலை 1892இல் வெளியிட்டமையால் அது கைக்கெட்டியது. ஐயர் பதிப்பின்றேல் பண்டிதர் ஆராய்ச்சியும் இல்லை என்பது என் துணிபு.

வட்டப்பாலை என்பது பன்னிரண்டு இராசி வீடுகளைக் கொண்ட வட்டத்தில் ஏழிசைகளையும் நிறுத்தும் முறை. குரல் நான்கு, துத்தம் நான்கு, கைக்கிளை மூன்று, உழை இரண்டு, இளி நான்கு, விளரி மூன்று, தாரம் இரண்டு என அலகு எண்ணுவது மரபு. கூட்டினால் இருபத்திரண்டே வரும். இதனைக் கண்டு எதிர்ப்பட்டோர் மகிழ்ந்தனர். பண்டிதரோ, கைக்கிளைக்கும் விளரிக்கும் உரியவை நான்கு நான்கே என்றும், இசைக்கும்போது அவ்விரண்டிலும் ஒவ்வோர் அலகு குறைத்து வாசிக்கும் நுட்பத்தையே முன்னோர் மறைவாகச் சொன்னார்கள் என்றும் கொண்டார். அங்ஙனமாயின் மொத்தம் இருபத்துநான்கு. பன்னிரண்டு வீட்டிற்கு வீட்டிற்கு இரண்டு. அதனை மேலும் பகுத்தால் நாற்பத்தெட்டு, தொண்ணூற்றாறு. ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்னும் நால்வகைப் பாலைகளுக்கும் இப்பகுப்பை அடிப்படையாக வைத்தார்.

இங்கே அவர் முடிபு எனக்கு முழுவதும் உடன்பாடன்று. சட்சத்திலிருந்து பஞ்சமம், அதற்குப் பஞ்சமம் எனப் பன்னிரு முறை ஏறினால் தொடங்கிய சுரத்தையே மேல்நிலையில் வந்தடைய வேண்டும் என்பது அவர் கொள்கை. நரம்பின் மூன்றில் இரண்டு நீளம் என்னும் இயற்கைக் கணக்கிலோ, பன்னிரண்டாம் முறையில் அந்தச் சுரத்தை இம்மியளவு கடந்துவிடுகிறோம். அந்த இம்மியை ஏற்றுக்கொள்வதா, பன்னிரண்டிலும் பங்கிட்டு மறைப்பதா என்பதே வழக்கு. ஆர்மோனியம் செய்வோர் பங்கிட்டு மறைத்தனர். பண்டிதரும் சமமாகப் பங்கிட்டார். பங்கீடே பழந்தமிழர் முறை என்றார். நல்ல வீணைக் கலைஞரின் செவி எப்போதும் அதற்கு இசைவதில்லை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு முன் சிலப்பதிகார இசைப்பகுதியைப் புலவர் சொற்பொருளாகப் படித்தனர், பாடகர் படிக்கவேயில்லை. அதிலே கணக்கு இருக்கிறது, அக்கணக்கு பாடிப் பார்க்கத்தக்கது, இன்று கருநாடக இசை என வழங்குவதன் வேர் அங்கே இருக்கிறது என்று முதன்முதல் விரிவாகக் காட்டியவர் அவரே.

தனியே எழுதி வைத்துக்கொண்டு இராமல், 1912 மே 27ஆம் நாள் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் கண்டு, இசைவாணரையும் அறிஞரையும் தம் செலவில் அழைத்து மாநாடு கூட்டினார். தொடர்ந்து மேலும் பல மாநாடுகள் நிகழ்ந்தன. தம் கொள்கையை மறுப்போரையும் அழைத்து உணவும் இடமும் அளித்து அவர்முன் தம் கணக்கை வைத்தார் என்பது சிறிய செய்தியன்று. தஞ்சையோ இசைக்குத் தலைநகர். மும்மூர்த்திகளின் மாணாக்கர் மரபினர் நிறைந்த ஊர். அவ்வவையில் மருத்துவர் ஒருவர், கிறித்தவர், தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்தவர், ஆபிரகாம் என்னும் பெயருடையவர் எழுந்து, உங்கள் இசையின் மூலம் தமிழ் என்று சொல்லுதற்கு எத்துணை நெஞ்சுறுதி வேண்டும்!

1916இல் பரோடா மன்னர் ஆதரவில் அனைத்திந்திய இசை மாநாடு கூடியபோது பண்டிதர் அங்கும் சென்றார். அவர்தம் மகளிர் மரகதவல்லியும் கனகவல்லியும் உடன்சென்று, தந்தையார் கணக்கிற் சொன்னதைப் பாட்டிலும் வீணையிலும் இசைத்துக் காட்டினர். பெண்கள் அவையேறிப் பாடுவதை உயர்ந்தோர் என்பார் இழிவாகக் கருதிய காலம் அது. பள்ளியாசிரியையின் மகளிர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவர்தம் அன்னையார் பொன்னம்மாள் இதனைக் காண இருக்கவில்லை; 1911இலேயே மறைந்துவிட்டார்.

1917இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களைக் கடந்த நூல். தமக்கெனவே மின்விசையில் இயங்கும் அச்சுக்கூடம் அமைத்து அதில் அச்சிட்டார். நூலின் முற்பகுதி தமிழின் பழமை, முச்சங்கம், கடல்கோள் ஆகியவற்றைப் பேசும். கடலுள் மறைந்த பெருநிலம் ஒன்றைப்பற்றி அவர் நம்பியவற்றை இன்றைய நிலவியல் ஏற்பதில்லை. அக்காலத்து ஐரோப்பியர் சிலரின் ஊகத்தை அவர் மெய்யெனக் கொண்டார். அப்பகுதியை மாணாக்கர் எச்சரிக்கையோடு பயில வேண்டும். இசைக்கணக்கைப் பேசும் பகுதிகளைப் பென்சிலும் தாளும் கொண்டு பயில வேண்டும். நூல் வெளிவந்த இரண்டாம் ஆண்டில், 1919 ஆகத்து 31ஆம் நாள், அறுபதாம் வயதிற் பண்டிதர் காலமானார். இரண்டாம் பாகம் முற்றுப்பெற்று அச்சேறுமுன் அவர் மறைந்தமையால், மரகதவல்லியம்மையாரே அதனை 1946இல் வெளியிட்டார்.

அதற்கு மறுஆண்டு தமிழிசைக்கு மற்றொரு பேராண்டு. எங்கள் ஊரிலிருந்து தெற்கே சென்று கல்முனையைக் கடந்தால் வருவது காரைதீவு. அங்கே 1892இற் பிறந்த மயில்வாகனம், 1924இல் துறவுபூண்டு விபுலானந்தர் என்னும் பெயர் ஏற்றார். அவரும் வாழ்வின் இடையிற் பெயர் மாறியவர். ஆபிராமுக்கு ஐந்தாம் எழுத்துக் கிடைத்தது போன்றதே அதுவும். பதினான்காண்டு ஆராய்ந்து அவர் எழுதிய யாழ்நூல் 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச்சங்கம் அதனை வெளியிட்டது. கரந்தை தஞ்சையின் ஒரு பகுதி. பண்டிதர் மாநாடு கூட்டிய நகரத்துக்கே நம் காரைதீவுத் துறவியின் நூலும் சென்றடைந்தது. அடிகளார் இருபத்திரண்டு அலகைக் கொண்டார். பண்டிதர் இருபத்துநான்கு. பழைய யாழ் வில்லைப்போல் வளைந்த தனிக்கருவி என்பது அடிகளார் முடிபு. அரங்கேற்றம் நிகழ்ந்த அடுத்த மாதம், சூலை 19ஆம் நாள், அடிகளார் மறைந்தார்.

நம் மாணாக்கர் பலர் விபுலானந்தரைப் போற்றுவதற்குப் பண்டிதரை மறக்க வேண்டும் என்று எண்ணுகின்றனர். தமிழகத்திலோ அதற்கு மறுதலையாக எண்ணுவோர் உளர். இருவர் நூலையும் ஒருங்கு வைத்துப் படித்தவர்க்கு, இருவரும் ஒரே அரங்கேற்று காதையின் ஒரே அடிகளோடு மல்லுக்கு நின்றவர்கள் என்பது விளங்கும். எண்ணில் மாறுபட்டனர், எங்கே தேட வேண்டும் என்பதில் மாறுபடவில்லை.

வழக்கு அவர்களோடு முடியவில்லை. பண்டிதரின் மகன் வரகுணபாண்டியன் யாழ்நூற் கொள்கைகளை மறுத்து, யாழ் என்பது வீணையே என நாட்டும் பாணர் கைவழி என்னும் நூலை 1950இல் வெளியிட்டார். தந்தை மகனுக்கு இட்ட பெயரை நோக்குக. வரகுணன் மாணிக்கவாசகரோடும் திருவிடைமருதூரோடும் இணைத்துப் பேசப்படும் பாண்டிய மன்னன். மகளிர்க்கு மரகதவல்லி, கனகவல்லி. தமக்கு வந்த எபிரேயப் பெயரைப் பண்டிதர் ஒருநாளும் கைவிடவில்லை. நூலின் முகப்பிலும் மருந்துப் புட்டியிலும் அதனையே பொறித்தார். மக்களுக்கோ தம் தென்பாண்டி நாட்டுப் பெயர்களை இட்டார். வரகுணபாண்டியன் நூலின் முகப்பிலும் தந்தையாரின் முதலெழுத்தாக ஆகாரம் நிற்கிறது.